மாமா எழுதியதை முழுதாகப் போடு

என் பிரியமுள்ள மகனுக்கு,

நான் நலம். உன் அப்பாவும் நலம். முழங்கால் வலியைப் பற்றிப் பொறுமையாகக் கேட்க ஆள் கிடைக்காததைத் தவிர அவருக்கு ஒரு குறையும் இல்லை. பத்து காவான் ஊரில் இருக்கிற நீ கடல் பாலத்தைத் தாண்டினால் பினாங்குத் தீவில் நம் சுங்கை பினாங்கு வீட்டுக்கு வந்துவிடலாம், அப்படியிருக்க அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று கேட்பாய். நேரில் வந்தால் நீ பேசுவாய். நீ பேச ஆரம்பித்தால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உனக்குச் சோறு போட எழுந்துவிடுவேன். இத்தனை வருடமாக அப்படித்தான் நீ தப்பித்து வந்திருக்கிறாய். அதனால் எழுதுகிறேன், நீளமாகவே எழுதப்போகிறேன். குழந்தையை ரீட்டாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்து படி. ரீட்டாவும் படிக்கட்டும், வேறு யார் படித்தாலும் எனக்குச் சம்மதம். இதில் ஒளிக்க வேண்டியது ஏதாவது இருந்தால் அது என் தப்புதான், அதை நானே சொல்லப்போகிறேன்.

செவ்வாய்க்கிழமை நீ குடும்ப மின்னஞ்சல் குழுவுக்கு எழுதியதை நான் மூன்று தடவை படித்தேன். குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு இன்னும் இரண்டு ஞாயிறுகூட இல்லை. உன் மாமா, அதாவது ரீட்டாவின் அப்பா, அதைப் பற்றி ஒரு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். ஒரே விரலால் தட்டச்சு செய்கிற மனிதர் அவர். எண்ணெய் ஆலையில் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கம்பியைப் பிடித்த கை, அந்தக் கை ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அதை எழுதியிருக்கும். நீ என்ன செய்தாய்? அதை ஏழு துண்டாக வெட்டினாய். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒரு அம்புக்குறி, ஒவ்வொரு துண்டுக்கும் கீழே உன் பதில். மண்டபம் சின்னது என்றார், இல்லை என்றாய். பூசைக்கு முன்பே சாப்பாடு வந்துவிட வேண்டும் என்றார், ஆறிப்போகும் என்றாய். அதுவரைக்கும்கூட நான் சிரித்துக்கொண்டுதான் படித்தேன், உன் அப்பாவின் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது என்று. ஐந்தாவது துண்டில் என் சிரிப்பு நின்றுவிட்டது.

மாமா எழுதிய வாக்கியம் இது: "இந்தக் குடும்பத்தில் யாருக்கும் நேரம் என்றால் என்னவென்று தெரியாது, முதல் ஆளாக எனக்கே தெரியாது, போன ஈஸ்டர் விருந்துக்கு நான்தான் எல்லோருக்கும் கடைசியாக வந்தேன், ஆகையால் இந்தத் தடவை சனிக்கிழமையே எல்லோரும் வந்து தங்கிவிடுவோம்." தன்னையே கிண்டல் செய்துகொண்டு எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிடுகிற வாக்கியம். நீ அதில் எடுத்துப் போட்டது எவ்வளவு? "இந்தக் குடும்பத்தில் யாருக்கும் நேரம் என்றால் என்னவென்று தெரியாது." அத்தோடு நிறுத்திவிட்டு, கீழே, "நாங்கள் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர்கள் மாமா, எங்களுக்கு நேரம் தெரியும்" என்று எழுதினாய். பதினான்கு பேருக்கும் அனுப்பினாய். அந்தப் பதினான்கு பேரில் பாதிப்பேர் மாமாவின் கடிதத்தைப் படித்திருக்கவே மாட்டார்கள், நீளமான கடிதம், அப்புறம் பார்ப்போம் என்று விட்டிருப்பார்கள். உன்னுடையதைத்தான் படித்திருப்பார்கள். அவர்கள் கண்ணுக்கு, ஊரையெல்லாம் குறை சொல்லித் தான் மட்டும் தப்பித்துக்கொண்ட கிழவர் ஒருவர் தெரிந்திருப்பார்.

அன்று மாலையே அவருடைய பதில் வந்தது. "ஞானஸ்நானத்தை நீங்களே நடத்திக்கொள்ளுங்கள். எனக்கு அன்று வேறு வேலை இருக்கிறது." அவருக்கு ஒரு வேலையும் இல்லை. முதல் பேத்தியின் ஞானஸ்நானம். ரீட்டா போனில் அழுதாள். நான் உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா?

"நான் பொய் ஒண்ணும் எழுதலையே மா. அவர் எழுதுனதத்தான போட்டேன். ஒரு எழுத்து மாத்தல."

மாற்றவில்லைதான். அத்தனை வார்த்தையும் அவருடையது. அதனால்தான் அவரால் சண்டைகூடப் போட முடியவில்லை. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுக்கவும் முடியாது, நான் சொன்னது அது மட்டும் இல்லை என்று பதினான்கு பேருக்கும் விளக்கிக்கொண்டிருக்கவும் முடியாது. அந்த வயதில் ஒரு மனிதர் அப்படி விளக்கிக்கொண்டு நிற்பது அவமானம். ஆகவே வேறு வேலை இருக்கிறது என்று எழுதிவிட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன், கூட நாலு வார்த்தை சேர்த்து.

திட்ட வேண்டியதை அன்றைக்கே போனில் திட்டிவிட்டேன். ஆனால் திட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபோது என் மனசாட்சி என்னைப் பார்த்துச் சிரித்தது. உன் கல்யாணத்துக்கு முன்னால் நான் செய்த ஒரு காரியம் உனக்குத் தெரியாது. அதை இப்போது சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்தில் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

நான் எங்கே வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும், துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸ். கோப்புகளைப் பராமரிப்பது என் வேலை. கோப்பில் புதுக் கடிதம் எப்போதும் மேலே, பழையது எல்லாம் அதற்குக் கீழே, இடது மூலையில் துளை போட்டுக் கயிறு கோர்த்திருக்கும். கோப்பு மேசைக்கு மேசை போகும்போது முழுதாகப் போக வேண்டும். நான் சேர்ந்த புதிதில் ஒரு கடிதத்துக்கு இரண்டு நகல் இருக்கிறதே என்று ஒன்றை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டேன். மறுநாள் மேலாளர் அதையே கேட்டார், அவர் அதன் ஓரத்தில் பென்சிலால் ஏதோ குறித்திருந்தாராம். ஆபீஸ் முழுக்கக் குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேடியது. நான் முட்டி போட்டு, மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலம் கட்டின காகிதத்துக்கு நடுவிலிருந்து அதை எடுத்தேன். அன்றைக்கு எடுத்தேன் ஒரு சபதம், இந்த ஜென்மத்தில் கோப்பிலிருந்து ஒரு தாளையும் உருவமாட்டேன் என்று. ஓய்வு பெறும்வரை அதைக் காப்பாற்றினேன். என் கோப்புகள் தடியாக இருக்கும், ஆனால் எதுவும் தொலைந்ததில்லை.

மின்னஞ்சல் வந்தபோது எனக்கு அது இன்னொரு கோப்பாகத்தான் தெரிந்தது. புதுசு மேலே, பழசு கீழே, கயிறுகூடக் கோர்க்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கீழே இருப்பதைக் கொஞ்சம் வெட்டிவிட்டுப் பதில் எழுதினால் எனக்குக் கோபம்கூட வரும், அரைகுறையாக வேலை பார்க்கிறார்களே என்று. நான் "சரி" என்று ஒரு வார்த்தை எழுதினால் அதற்குக் கீழே பன்னிரண்டு பக்கம் தொங்கும். அதைப் படிக்கிறவர்கள் என் "சரி"யைத் தேடிப் பிடிப்பதற்குள் களைத்துவிடுவார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

உன் கல்யாணப் பேச்சு ஆரம்பித்தபோது நம் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் ஒரு குழு வைத்தோம். வாட்ஸ்அப்பில் போட்டால் காலை வணக்கப் பூக்களுக்கு அடியில் முக்கியமான விஷயம் காணாமல் போய்விடுகிறது என்று நானேதான் மின்னஞ்சல் வேண்டும் என்றேன். அதில் எல்லாம் பேசினோம், பந்தல், கேக், மண்டபம், சாப்பாடு. தலைப்பை மாற்றுகிற பழக்கமும் எங்களில் யாருக்கும் இல்லை. "கேக்" என்ற தலைப்பு எட்டு மாதம் ஓடியது. உன் சித்தப்பாவுக்குச் சிறுநீரகக் கல் எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தியும் "கேக்" என்ற தலைப்பில்தான் வந்தது. அதற்கு மூன்று பேர் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, ரொம்ப நல்லது, பெரியதாக எடுங்கள் என்று பதில் போட்டார்கள். சித்தப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். எல்லாத் தப்பும் அப்படிச் சிரிப்பில் முடிந்திருந்தால் நான் இன்று இந்தக் கடிதம் எழுத வேண்டியிருக்காது.

அந்தச் சமயத்தில் பிலோமினா டீச்சர், உன் மாமியார், கோயிலில் பெண் உள்ளே வரும்போது தானே பாட்டுப் பாடப்போவதாகச் சொல்லியிருந்தார். சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பாடலாமா என்று கேட்கவில்லை, பாடுகிறேன் என்று அறிவித்தார். டீச்சர் அல்லவா. நான் வீட்டுக்கு வந்து நம் பக்கத்துக் குழுவில் எழுதினேன்: "டீச்சரம்மா பாட ஆரம்பித்தால் மாப்பிள்ளை பாதிப் பாட்டிலேயே திரும்பி ஓடிவிடுவான். அதுவும் நம் எல்லோரையும் ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்." ஆறு பேர் சிரித்துப் பதில் போட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆறு பேரைச் சிரிக்க வைத்த சந்தோஷத்தில் அன்றைக்கு மீன் கறிக்கு உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துச் சாப்பாட்டுக்குத் தலை எண்ண வேண்டியிருந்தது. அதே கடிதத் தொடரைத் திறந்து, பெறுநர் இடத்தில் டீச்சருடைய முகவரியையும் சேர்த்து, மேலே இரண்டு வரி எழுதினேன். "டீச்சர், உங்கள் பக்கம் எத்தனை பேர் வருவார்கள்? சைவம் எத்தனை?" கோப்பு முழுதாகப் போக வேண்டும் அல்லவா. இருபத்திரண்டு கடிதமும் கீழே தொங்கத் தொங்க அனுப்பினேன். மேலிருந்து ஏழாவது, என்னுடைய பாட்டுக் கடிதம். அதற்கு மேலே ஆறு பேருடைய சிரிப்பும் வரிசையாக.

உன் அப்பா காப்பிக்கடையில் உட்கார்ந்து ஹேண்ட்போனில் அதைப் படித்துவிட்டு, ரோட்டி சானாயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். அவர் ரோட்டி சானாயைப் பாதியில் வைத்து நான் பார்த்ததே இல்லை, ஆகவே யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"டீச்சருக்கு என்னா அனுப்புன நீ?"

"எத்தன பேருன்னு கேட்டேன். ஏன்?"

"கீழ பாரு."

பார்த்தேன். மகனே, உன் அம்மா அன்று அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆயிற்று. அனுப்பியதைத் திரும்ப வாங்க வழி உண்டா என்று உன் அப்பாவிடம் கேட்டேன். அவர் ஒரு பேச்சுக்காவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். "முப்பது வருசமா ஃபைல் நல்லாத்தான் வெச்சிருக்க, ஒரு தாளும் தொலையல" என்றார். நீ அப்போது ஷிப்டில் இருந்தாய். உன்னிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பெண்ணை நீ எப்படிப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். அவளுடைய அம்மாவைப் பற்றி உன் அம்மா எழுதியதால் அந்தக் கல்யாணம் நின்றால், நீ ஆயுசுக்கும் என்னை மன்னித்திருக்க மாட்டாய், மன்னித்துவிட்டதாகச் சொல்லியிருப்பாய். அது இன்னும் மோசம்.

இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது. குழுவில் எல்லோருக்கும் வந்தது, கூடவே டீச்சருடைய அண்ணன்மார் இரண்டு பேரையும் சேர்த்திருந்தார்கள், அவர்கள் குடும்பமும் தலைக்கணக்கில் வருவதால். நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு திறந்தேன். மேலே ஒரே ஒரு வரி, என்னுடையது, எத்தனை பேர் என்ற கேள்வி மட்டும். அதற்குக் கீழே பதில். "எங்கள் பக்கம் நூற்று எண்பது பேர். அதில் பதினொரு பேர் சைவம். மாட்டு இறைச்சி வேண்டாம்." அதற்குக் கீழே, "பாட்டுக்குக் கோயில் பாடகர் குழுவையே கேட்டுவிடலாம். நான் பாடவில்லை." அவ்வளவுதான். கீழே இழுத்துப் பார்த்தேன், இன்னும் இழுத்துப் பார்த்தேன், வெறும் வெள்ளை. இருபத்திரண்டு கடிதமும் போயிருந்தன. ஆறு பேருடைய சிரிப்பும் போயிருந்தது.

அந்த வெள்ளையைப் பார்த்து நான் அழுதேன். அந்த அண்ணன்மாரில் மூத்தவர் எப்படிப்பட்டவர் என்று உனக்கே தெரியும், கோபம் வந்தால் கோழி கூவுவதற்குள் உறவை முறிக்கிறவர். அந்த ஒரு கடிதம் அவர் கண்ணில் பட்டிருந்தால் உன் கல்யாணம் அன்றோடு முடிந்தது. பட்டுவிடாமல் யாரோ பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாளே உன் அப்பாவைக் காடியை ஓட்டச் சொல்லி நிபோங் திபாலில் டீச்சர் வீட்டுக்குப் போனேன். பைராம் தோட்டத்துச் செம்பனை மரங்களுக்குப் பக்கத்தில் அந்த வீட்டு வாசலில் இறங்கினேன். மாமா வாசலிலேயே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தார், உன் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "நீங்க உள்ள போய்ப் பேசுங்க சம்பந்தி, நாங்க இளநி வெட்டுறோம்" என்று உன் அப்பாவைத் தோப்புப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பாவம், இவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

டீச்சர் சமையலறையில் இருந்தார்.

"வெயில்ல ஏன் வந்தீங்க சம்பந்தி? போன் பண்ணா போதாதா லா?"

"போன்ல சொல்ற விசயம் இல்ல டீச்சர். நான் எழுதுனத நீங்க படிச்சிட்டீங்க."

"படிச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"நான் டீச்சர் லா. பேப்பர் கைக்கு வந்தா கடைசி வரி வரைக்கும் பார்ப்பேன்." அடுப்பில் இருந்ததைக் கிண்டினார். பிறகு கேட்டார், "நீங்க நான் பாடிக் கேட்டதே இல்லையே. கேக்காம எப்படி எழுதுனீங்க?"

சிரிக்க வைக்க எழுதினேன் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "அப்ப இப்ப கேளுங்க" என்று சொல்லிவிட்டு, அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நின்று பாடினார். தடித்த குரல்தான். இரண்டாவது அடியில் கொஞ்சம் கீழே இறங்கியது. ஆனால் அந்தச் சமையலறையில் நின்று தன் மகளுக்காகப் பாடுகிற அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. நீங்கள்தான் பாட வேண்டும் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உன் கல்யாணத்தில் அவர் பாடினார், நீயும் எங்கேயும் திரும்பி ஓடவில்லை. பீடத்துக்குப் பக்கத்தில் நின்று அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டிருந்தாய், போட்டோவில் இருக்கிறது.

அதிலிருந்து நான் மின்னஞ்சல் எழுதுகிற விதமே மாறிவிட்டது. பதில் எழுதும்போது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறேனோ அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன், மிச்சத்தை எடுத்துவிடுகிறேன். முதலில் கை கூசியது, யாராவது குப்பைக்கூடையைக் கவிழ்க்கச் சொல்வார்களோ என்று. யாரும் சொல்லவில்லை. பழைய கடிதம் வேண்டுமானால் அவரவர் பெட்டியில் அவரவருக்கு இருக்கிறது. பேச்சு மாறினால் தலைப்பையும் மாற்றுகிறேன். ஒருவருக்கு மட்டும் சொல்ல வேண்டிய நன்றியைப் பதினான்கு பேருக்கும் அனுப்புவதில்லை. பெறுநர் இடத்தைக் கடைசியில்தான் நிரப்புகிறேன், எழுதி முடித்து, ஒரு காப்பி குடித்து, மறுபடி படித்த பிறகு. காலியாக இருக்கிற பெறுநர் இடம் எத்தனையோ கடிதத்தைப் போகவிடாமல் தடுத்து என்னைக் காப்பாற்றியிருக்கிறது. ரீட்டாவைப் பற்றியும் ஒன்றிரண்டு உண்டு, அவள் இதைப் படிக்கும்போது சிரித்துவிடட்டும்.

ஆனால் இந்தப் பழக்கத்தையெல்லாம் முன்பு உனக்குச் சொல்லித் தந்தபோது ஒன்றை நான் சரியாகச் சொல்லவில்லை. வெட்டு, வெட்டு, சுருக்கமாக வை என்றுதான் சொன்னேன். நீயும் ஃபேக்டரியில் அப்படித்தான் பழகியிருக்கிறாய். ஒரு மெஷினில் ஏழு கோளாறு என்று எவனோ எழுதினால், ஏழையும் தனித்தனியாகப் போட்டு ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுதுகிறாய், அங்கே அது நல்ல பழக்கம், எல்லோருக்கும் நேரம் மிச்சம். வீட்டுப் பெரியவர் எழுதிய கடிதம் கோளாறுப் பட்டியல் இல்லை. அதில் முதல் வரியில் கடிந்துகொள்வார், மூன்றாவது வரியில் தன்னையே கேலி செய்துகொள்வார், கடைசியில் வீட்டுக்குக் கூப்பிடுவார். ஏழாக நறுக்கிவிட்டால் கடிந்துகொண்டது மட்டும்தான் தட்டில் நிற்கும். வெட்டு, ஆனால் வெட்டிய பிறகு மிச்சம் இருப்பதை எழுதியவர் படித்தால், ஆமாம், நான் சொன்னது இதுதான் என்று தலையாட்ட வேண்டும். அவர் தலையாட்டமாட்டார் என்று தோன்றினால் இன்னும் இரண்டு வார்த்தை கூட வை. முக்கால் வரி அதிகமாக இருப்பதால் யாருக்கும் கை வலிக்காது.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். இந்தக் கதையை உனக்கு எழுதலாமா என்று அனுமதி கேட்க டீச்சரைக் கூப்பிட்டேன். அவரைப் பற்றிய விஷயம், கேட்காமல் எழுத இனி எனக்குத் தைரியம் இல்லை. எழுதுங்கள் என்றார். அன்றைக்கு நீங்கள் அதையெல்லாம் வெட்டிவிட்டு அனுப்பினீர்களே, அந்த நன்றியை நான் இன்னும் மறக்கவில்லை என்றேன்.

"வெட்டுனது நான் இல்ல சம்பந்தி" என்றார்.

"பின்ன யாரு?"

"அவருதான். எனக்கு வர்ற மெயில் எல்லாம் அவரோட கம்ப்யூட்டர்லதான் பார்ப்போம். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் படிச்சோம். நான் அழுதுட்டேன், அப்படியே அண்ணனுங்களுக்கு அனுப்புங்கன்னு சொன்னேன். அவரு கேக்கல. ரெண்டு நாள் ஒண்ணுமே பேசாம இருந்தாரு. அப்புறம் உக்காந்து, கீழ இருந்ததெல்லாம் அழிச்சாரு. அவங்க கேட்டது சாப்பாட்டுக் கணக்கு, அதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்னாரு. அந்தப் பாட்டு வரி மட்டும் என்னோடது. அதுவும் வேண்டாம்னுதான் சொன்னாரு."

நான்கு வருடம், மகனே. நான்கு வருடமாக அந்த மனிதர் என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார், கிறிஸ்மஸுக்குக் கேக் கொண்டு வந்திருக்கிறார், உன் அப்பாவோடு உட்கார்ந்து பந்து விளையாட்டுப் பார்த்திருக்கிறார். தன் மனைவியைப் பற்றி நான் எழுதியது ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குத் தெரியும். ஒரு நாளும், ஒரு பார்வையிலும், அது எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார். இளநீர் வெட்டப் போனதுகூட எனக்கு இடம் விட்டுத்தான் போயிருக்கிறார். என் கடிதத்தில் எதை விட வேண்டுமோ அதை விட்டு உன் கல்யாணத்தை நடத்திக் கொடுத்த மனிதர் அவர். அவருடைய வாக்கியத்தில் எதை விடக் கூடாதோ அதை நீ விட்டுவிட்டாய். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருக்கிறது, உனக்காகப் பாதி, எனக்காகப் பாதி.

இப்போது நீ என்ன செய்ய வேண்டும் என்று உனக்கே தெரியும், ஆனாலும் நான் அம்மா, சொல்லிவிடுகிறேன். போன் போட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைக்காதே. அதுவும் கேள், ஆனால் அது போதாது. பதினான்கு பேர் முன்னால் பாதியாக்கினாய், பதினான்கு பேர் முன்னால்தான் முழுதாக்க வேண்டும். மாமா எழுதிய அந்த வாக்கியத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை எடுத்துப் போடு, முதல் ஆளாக எனக்கே தெரியாது என்பதிலிருந்து சனிக்கிழமையே எல்லோரும் வந்து தங்கிவிடுவோம் என்பது வரைக்கும் எதையும் விடாதே. அதற்குக் கீழே, போன தடவை இதில் பாதியைத்தான் போட்டேன், தப்பு என்னுடையது என்று எழுது. விளக்கம் எழுதாதே, ஷிப்ட், தூக்கம், குழந்தை அழுதது, ஒன்றும் வேண்டாம். சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் வந்துவிடுகிறோம் என்று முடி. மண்டபம் சின்னதா பெரியதா என்பதை அங்கே போய் நேரில் சண்டை போட்டுக்கொள்ளுங்கள், நானும் வந்து வேடிக்கை பார்க்கிறேன்.

அவர் கோபமாக இருக்கிறார், எழுதினால் படிப்பாரா என்று நீ கேட்பாய். போனை வைப்பதற்கு முன்னால் டீச்சர் இன்னொன்றும் சொன்னார். எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று எழுதிய மனிதர், செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காருகிறாராம். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால், கரண்ட் பில் வந்துவிட்டதா என்று பார்க்கிறேன் என்கிறாராம். அவர்கள் வீட்டுக் கரண்ட் பில் இன்னும் தபாலில்தான் வருகிறது.

உன் அம்மா